சில வருடமே இருந்த கிராமத்துத் தபாலாபீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் எட்டு வருடம் ஒரு தபாலாபீஸ் இருந்தது. தனிக் கட்டடம் கிடையாது. என் பெரியப்பா வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ், அவர்தான் போஸ்ட்மாஸ்டர். இன்று ஊரில் இளவட்டங்களிடம் கேட்டால் அப்படி ஒன்று இருந்ததா என்று திருப்பிக் கேட்கிறார்கள். பெரியப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் கிடைத்த தாள்களை வைத்துக்கொண்டு அதன் கதையைத் தேட ஆரம்பித்தேன். அது பக்கத்து ஊர்களுக்கும் இழுத்துக்கொண்டு போனது. போன இடமெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்டார்கள். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கிளை அஞ்சலகம் என்பது என்ன? டவுனில் இருக்கிற தபாலாபீஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்திய அஞ்சல் துறையில் மூன்று படிகள் உண்டு: தலைமை அஞ்சலகம், அதன்கீழ் துணை அஞ்சலகங்கள், அவற்றின்கீழ் கிளை அஞ்சலகங்கள். கிராமத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான். கிளை அஞ்சலகத்தின் கணக்கு தனியாக நிற்காது. அன்றாட வரவு செலவு எல்லாம் மேலே உள்ள ஆபீஸின் கணக்கில் போய்ச் சேரும். அதனால்தான் கிளை அஞ்சலகத்துக்குத் தனிப் பின்கோடும் இல்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தபோது, எந்த ஆபீஸிலிருந்து தபால் பை வருகிறதோ அந்த ஆபீஸின் ஆறு இலக்க எண்ணே கிளைக்கும் என்று ஆனது.

இந்தச் சின்ன விஷயத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்கோடு இல்லாத ஆபீஸ் மூடப்பட்டால், எண்களின் பட்டியலில் ஒரு ஓட்டைகூடத் தெரியாது.

ஒரு கிராமத்துக்குத் தபாலாபீஸ் எப்படிக் கிடைத்தது?

கேட்டுத்தான் கிடைத்தது. 1854-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் நாடு முழுக்க ஒரே கட்டணம் வந்தது. கால் தோலா எடைக்குள் இருந்தால் எவ்வளவு தூரம் போனாலும் அரையணா. அப்போது இந்தியாவில் இருந்த அஞ்சலகங்கள் 701. சுதந்திரம் கிடைத்தபோது 23,344, அதில் 19,184 கிராமப்புறத்தில். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல், பத்தில் ஒன்பது கிராமங்களில்தான். ஆக, நம் ஊர்களில் பார்க்கிற கிளை அஞ்சலகங்களில் பெரும்பாலானவை 1947-க்குப் பிறகு பிறந்தவை.

ஊர்ப் பெரியவர்கள் மனு எழுதுவார்கள். பஞ்சாயத்து தீர்மானம் போடும். துறையின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். எத்தனை கடிதம் வரும், எத்தனை மணியார்டர் வரும், பள்ளிக்கூடம் இருக்கிறதா, பக்கத்து அஞ்சலகம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கணக்கெடுப்பார். துறையின் விதிப்படி சாதாரணப் பகுதியில் ஒரு கிராமத் தொகுப்பில் 3,000 பேர் இருக்க வேண்டும், மலை, பழங்குடிப் பகுதி என்றால் 1,500. பக்கத்து அஞ்சலகம் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அத்துடன் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானம் வர வேண்டும். மலைப் பகுதிக்கு 15 சதவீதம் போதும்.

இன்னொரு வழியும் இருந்தது. வருமானம் போதாத இடத்தில், ஏற்படும் நஷ்டத்தை நாங்களே கட்டுகிறோம் என்று ஊராரோ, ஒரு மில்லோ, எஸ்டேட்டோ ஒப்புக்கொண்டால் ஆபீஸ் திறக்கலாம். கட்டிய பணம் திரும்ப வராது. தெரிந்தே ஊர் கூடி அப்படிக் கட்டிய இடங்கள் உண்டு என்பதை நினைத்தால், ஒரு தபாலாபீஸ் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்!

‘சோதனை அஞ்சலகம்’ என்று பழைய முத்திரைகளில் வருகிறதே, அது என்ன?

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வந்த வழக்கம் இது. புது கிராம ஆபீஸை உடனே நிரந்தரம் ஆக்க மாட்டார்கள். கொஞ்ச காலம் நடத்திப் பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். அந்தத் தற்காலிக ஆபீஸ்களுக்காக ஊர்ப் பெயர் இல்லாத முத்திரைகள் தயாராக இருந்தன. ‘எக்ஸ்பெரிமென்டல் பி.ஓ.’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயருக்குப் பதில் ஒரு எழுத்தும் எண்ணும். ஓர் ஊரில் மூடினால் அதே முத்திரையை அடுத்த ஊருக்கு அனுப்பலாம், புதிதாக வார்க்கும் செலவு மிச்சம்.

தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இந்த முத்திரைகள் மீது தனி ஆசை. எனக்கு அவற்றைப் பார்க்கும்போது வருத்தம்தான் வரும். ஓர் ஊர் மனுப் போட்டு, அலைந்து, ஒரு வழியாக ஆபீஸ் வாங்கியிருக்கிறது, முத்திரையில் தன் பெயர் வருவதற்குள் அதை இழந்திருக்கிறது.

ஏன் திண்ணையிலும் கடையிலும் நடத்தினார்கள்? அரசாங்கம் கட்டடம் தராதா?

தராது. கிளை போஸ்ட்மாஸ்டர்தான் இடம் கொடுக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. இந்த ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. முழுநேர ஊழியரை வைக்கக் கட்டுப்படியாகாத ஊர்களில் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலம் உள்ளவர், பென்ஷன் வாங்கியவர் என்று வேறு பிழைப்பு இருக்கிற ஒருவரிடம் சில மணி நேர வேலையாக ஒப்படைத்தார்கள். துறைக்கு வெளியே உள்ளவர் என்ற பொருளில் ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்’ என்று பெயர். ஜனங்கள் வாயில் அது ‘ஈ.டி.’ ஆனது. ஈ.டி. போஸ்ட்மாஸ்டர், ஈ.டி. போஸ்ட்மேன். 2001-க்குப் பிறகு ‘கிராமின் டாக் சேவக்’ என்று மாற்றினார்கள். எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்னும் ஈ.டி. என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வேலைக்கு வருபவர் ஜாமீன் கட்ட வேண்டும், அந்த ஊரில் குடியிருக்க வேண்டும், வாழ்வதற்கு வேறு வருமானம் வைத்திருக்க வேண்டும். சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், ‘அலவன்ஸ்’தான். இவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள்தான் என்று 1977-இல் ராஜம்மா என்பவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் இலாகா ஊழியர்களுக்குச் சமமான சம்பளமோ பென்ஷனோ இவர்களுக்கு வரவில்லை. எனக்கு இதில் இன்றும் ஆறாத மனக்குறை உண்டு. மழையோ வெயிலோ, பை வந்தால் பெரியப்பா திண்ணையில் இருந்தாக வேண்டும். களத்தில் நெல் நனைந்த நாளும் உண்டு.

அந்தத் திண்ணையில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலையில் முதல் வேலை தேதியை மாற்றுவது. முத்திரையின் நடுவில் நாள், மாதம், வருடம் எல்லாம் சின்னச் சின்ன உலோக அச்சுகள். பழைய எண்ணைக் குச்சியால் நெம்பி எடுத்து, புதியதைச் செருகி, மை தொட்டு ஒரு நோட்டில் குத்திப் பார்ப்பார். தலைகீழாக விழுந்திருந்தால் மறுபடி எடுப்பார். அந்த நோட்டு எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே ஊர்ப் பெயர், வட்டம் வட்டமாக, தேதி மட்டும் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போகும்.

பத்தரை மணி வாக்கில் மெயில் கேரியர் சைக்கிளில் பை கொண்டுவருவார். பையின் வாயில் சணல் கட்டு, அதன்மேல் அரக்கு முத்திரை. பெரியப்பா முதலில் முத்திரையைத்தான் பார்ப்பார். விரிசல் இருந்தால் சாட்சிக்கு ஆள் கூப்பிடாமல் பையைத் தொட மாட்டார். சணலை அறுக்கும்போதும் அரக்கு உடையாமல் அறுப்பார். உள்ளே ஒரு சீட்டு இருக்கும்: இத்தனை பதிவுத் தபால், இத்தனை மணியார்டர், இவ்வளவு ரொக்கம். எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் திண்ணையைச் சுற்றி நிற்கிறவர்கள் பக்கம் திரும்புவார். அதற்குள் யாராவது ‘அண்ணே, எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?’ என்று கேட்டால், ‘இருப்பா, எண்ணி முடிக்கல’ என்பார்.

மதியம் பை திரும்பிப் போக வேண்டும். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி, சணல் முடிச்சின்மேல் சொட்டவிட்டு, பித்தளை முத்திரையை அழுத்துவார். ஒட்டாமல் இருக்க முத்திரையை முதலில் ஈரத் துணியில் ஒற்றுவார். அந்த அரக்கு வாசனைதான் எனக்கு அந்த ஆபீஸ்.

கடிதம் தவிர அங்கே வேறு என்ன நடந்தது?

உண்மையில் கடிதத்தைவிட மற்றவைதான் அதிகம். அஞ்சலட்டை 1879-இல் காலணாவுக்கு வந்தது, மணியார்டர் 1880-இல், சேமிப்பு வங்கி 1882-இல். வங்காளத்தில் 1892 முதல் மலேரியா காய்ச்சலுக்குக் கொய்னா மருந்தைக்கூட ஒரு பைசாப் பொட்டலமாகத் தபாலாபீஸில் விற்றார்கள். வங்கி இல்லாத ஊருக்கு வங்கி, பாதி நாள் மருந்துக் கடை என்று சொல்லலாம்.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை மணியார்டர்தான் உயிர். வெளியூர் மில்லில் வேலை பார்க்கிற மகன் அனுப்புவது, பட்டாளத்தில் இருக்கிறவர் அனுப்புவது, முதியோர் பென்ஷன். மணியார்டர் தாளின் அடியில் நாலு வரி எழுத ஒரு துண்டு இருக்கும், கூப்பன் என்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் தருவார்கள். ‘பணம் கிடைத்ததும் கடிதம் போடவும், மாட்டை விற்க வேண்டாம்’. பெட்டியில் கிடைத்த ஒரு கூப்பனில் இவ்வளவுதான் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெரியப்பாதான் வாசித்துக் காட்டுவார், பதிலும் எழுதித் தருவார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு வந்தால் சத்தமாகச் சொல்வார். சாவுச் செய்தி என்றால் எழுந்து அந்த வீட்டுக்கே போய்விடுவார். அந்த வேலைக்கு எந்த விதியிலும் கணக்கு கிடையாது.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

பெரும்பாலானவர்கள் ‘செல்போன் வந்தது, கடிதம் போச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொஞ்ச காலமே இருந்த கிராம ஆபீஸ்களுக்கு அது பொருந்தாது. அவற்றில் நிறைய, செல்போன் வருவதற்கு முன்னாலேயே, கடிதம் மலையாகக் குவிந்த காலத்திலேயே மூடப்பட்டவை.

அணைக்கட்டு, சுரங்கம், ரயில் பாதை என்று வேலை நடந்த இடத்தில் கூலியாட்களுக்காகத் திறந்த ஆபீஸ், வேலை முடிந்ததும் போய்விடும். புது ரோடு வந்து பஸ் ஓட ஆரம்பித்தால், பை போகிற வழி மாறி, ரோட்டோர ஊருக்கு ஆபீஸ் நகர்ந்துவிடும். சில இடங்களில் ஊரே காலியாகிவிடும்.

ஆனால் நான் தேடிப் பார்த்த அளவில் அடிக்கடி வந்த காரணம் வேறு. ஆபீஸ் ஊருடையது என்று நினைக்கிறோம், உண்மையில் அது ஒரு வீட்டுடையது. போஸ்ட்மாஸ்டர் இடம் தர வேண்டும், வேறு வருமானம் வைத்திருக்க வேண்டும், ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனையும் சேர்ந்து பொருந்துகிற ஆள் ஒரு சின்ன ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ, பிள்ளைகள் டவுனுக்குக் கூட்டிப்போனாலோ, வீட்டில் பாகப்பிரிவினை வந்து திண்ணை தம்பி பங்குக்குப் போனாலோ ஆபீஸ் தடுமாறும். அடுத்த ஆள் கிடைக்கும்வரை பக்கத்து ஆபீஸோடு தற்காலிகமாகச் சேர்ப்பார்கள். அந்தத் தற்காலிகம் அப்படியே தங்கிவிடும்.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுதான். பெரியப்பாவுக்குப் பார்வை மங்கியது. எண்ணில் ஒருநாள் பிசகி, கைப்பணம் போட்டுக் கணக்கை நேர் செய்தார். அதற்குமேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒருநாள் ஓர் அதிகாரி வந்து முத்திரை, தராசு, எடைக்கல், நோட்டுகள், மிச்சமிருந்த ஸ்டாம்புகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்துப் போனார். சிவப்புப் பெட்டியைக் கழற்ற ஆள் வரவில்லை. மூடியது தெரியாத யாரோ இரண்டு மாதம்வரை அதில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவற்றை எடுத்து, நாலு மைல் நடந்து போய்ப் பெரிய ஆபீஸில் சேர்த்துவிட்டு வருவார்.

‘நஷ்டத்தில் ஓடியது’ என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் என்ன அர்த்தம்?

கிராம ஆபீஸ்கள் ஏறக்குறைய எல்லாமே நஷ்டக் கணக்கில்தான் ஓடும் என்பது துறைக்கே தெரியும். அதனால்தான் அனுமதிக்கப்பட்ட நஷ்டம் என்று ஒரு வரம்பே வைத்திருந்தார்கள்: சாதாரணக் கிராமத்துக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய், மலை, பழங்குடி, பின்தங்கிய பகுதிக்கு 4,800 ரூபாய். அதற்குள் இருந்தால் பிழைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஊருக்கு வருகிற கடிதம் அந்த ஆபீஸுக்கு வருமானமாகத் தெரியாது என்பது. ஸ்டாம்பு விற்ற இடத்துக்குத்தான் அந்தக் காசு. சம்பாதிக்க வெளியூர் போன பிள்ளைகள் பணமும் கடிதமும் அனுப்புகிற ஊரில், வாங்குவது நிறைய, போடுவது கொஞ்சம். பட்டணத்தில் ஸ்டாம்பு விற்கும், கிராமத்தில் கால் தேய நடந்து பட்டுவாடா நடக்கும். வருகிற தபாலுக்கும் ஒரு மதிப்புப் போடுகிற முறைகள் இருந்தாலும், ஊர்க்காரர்கள் நினைக்கிற அளவுக்கு அது ஈடுகட்டியதில்லை. ஆக ‘நஷ்டம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கே வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூடினால் மக்கள் போட்ட சேமிப்புப் பணம் என்னாகும்?

ஒன்றும் ஆகாது. கணக்குகள் மேல் ஆபீஸுக்கு மாறும், பழைய பாஸ்புக்கைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பாட்டி காலத்துப் பாஸ்புக் இருந்தால், இப்போது அந்தப் பகுதிக்குப் பட்டுவாடா செய்கிற துணை அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

மூடினால் முகவரி என்னாகும்?

இதுதான் சுவாரஸ்யமானது. நம் பக்கம் முகவரி எழுதுகிற முறையைப் பாருங்கள்: ஆள் பெயர், தெரு, கிராமம், அப்புறம் ‘இன்ன ஊர் அஞ்சல்’, ‘இன்ன ஊர் வழி’, வட்டம், மாவட்டம். உங்கள் ஊரிலேயே ஆபீஸ் இருந்தால் ‘அஞ்சல்’ என்ற வரியில் உங்கள் ஊர்ப் பெயர் வரும். இல்லாவிட்டால் பக்கத்து ஊரின் பெயர். ஆபீஸ் திறந்த வருடம் எங்கள் ஊர்க்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே ‘அஞ்சல்’ என்று அச்சடித்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு கல்யாணங்களில் ஊர்ப் பெயருக்கு அந்தச் சொல் கிடைத்த எட்டு வருடம் பத்திரிகைகளில் அப்படியே தெரிகிறது. மூடிய பிறகும் சில குடும்பங்கள் பழக்கத்தில் அதையே அச்சடித்திருக்கிறார்கள். பத்திரம், டி.சி., பழைய ரேஷன் கார்டு இவற்றிலும் அந்த வரி உறைந்து நிற்கும்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தபாலாபீஸ் இந்தக் கணக்கில் வருமா?

அது வேறு ரகம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். பாம்பன் பாலம் 1914-இல் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடிவரை போனது. அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் சுமார் 20 மைலில் தலைமன்னார். அதுவரை தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போன கொழும்புப் போக்குவரத்து இந்தப் பக்கம் திரும்பியது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தேவாலயம், பள்ளிக்கூடம், தபாலாபீஸ் என்று மணல்திட்டில் ஒரு சிற்றூர் எழுந்தது.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அத்தனையையும் துடைத்துவிட்டது. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. ரயில் பாதையைத் திரும்பப் போடவில்லை. இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட ஆரம்பித்தது. ஊர் பிறந்ததே ரயிலும் கப்பலும் சந்திக்கிற இடம் என்பதால்தான், அந்தச் சந்திப்பு போனதும் தபாலாபீஸுக்கும் அங்கே வேலை இல்லை. ஐம்பது வருட வாழ்க்கை. இன்று கூரையில்லாத அந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், ஆனால் ஒரு நிமிடம் உள்ளே எட்டிப் பார்த்து, கவுன்ட்டர் எங்கே இருந்திருக்கும், அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

வருடத்தில் சில மாதம் மட்டும் திறக்கும் அஞ்சலகம் உண்டா?

சபரிமலை சன்னிதானம் அஞ்சலகம். மண்டல, மகரவிளக்கு காலத்தில்தான் இயங்கும். பின்கோடு 689713. பதினெட்டாம் படியும் ஐயப்பனும் பொறித்த முத்திரை அங்கே மட்டும்தான் விழும். சாமி பெயருக்கே கடிதமும் மணியார்டரும் வருகிற ஆபீஸ் அது. சீசன் முடிந்தால் முத்திரை பத்திரமாக உள்ளே போய்விடும்.

குறுகிய ஆயுள் என்றால் தட்சிண கங்கோத்ரியையும் சொல்லலாம். அண்டார்டிகாவில் இந்தியா அமைத்த முதல் ஆய்வு நிலையம். 1984-இல் அங்கே அஞ்சலகம் தொடங்கியது, கோவா அஞ்சல் கோட்டத்தின் கீழ். முதல் வருடமே கிட்டத்தட்ட 10,000 கடிதங்களுக்கு முத்திரை குத்தினார்கள். நிலையம் பனிக்குள் புதைந்துபோக, 1990-இல் மைத்ரி நிலையத்துக்கு மாறியது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தாத்தா கடிதத்தில் சங்குச் சின்னம் இருக்கிறது. அது எந்த ஆபீஸ்?

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபால் அது. பெயரே ‘அஞ்சல்’. சமஸ்தானத்தின் சின்னம் சங்கு, அதனால்தான் அவர்கள் தபால்தலையிலும் சங்கு. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர்களைப் பற்றி அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1951-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. ஒரே ஊரில் இரண்டு ஆபீஸ் தேவையில்லை என்பதால் இணைப்பில் சில அஞ்சல் ஆபீஸ்கள் முடிந்துபோயின. அந்தக் கடிதத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் தபாலாபீஸ் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள். பத்து வருடத்துக்கு ஒருமுறை வருபவை. அவற்றில் கிராமப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரே பள்ளி, மருத்துவமனை, குடிநீர், அஞ்சலகம் என்று வசதிகளைக் குறித்திருப்பார்கள். 1971 கையேட்டில் அஞ்சலகம் இருந்து 1981-இல் இல்லை என்றால், நடுவில் மூடியிருக்கிறது. பத்து வருட வலை போட்டாகிவிட்டது, இனி அதைச் சுருக்க வேண்டும். பல கையேடுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

அடுத்து அஞ்சல் துறையே அவ்வப்போது அச்சிட்ட அஞ்சலகப் பட்டியல்கள். பழைய நூலகங்களிலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பலவிதமாகத் தேட வேண்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிறகு தகவல் உரிமைச் சட்டம். உங்கள் பகுதிக்கான அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். அதைப் போஸ்டல் ஆர்டராகவே வாங்கி வைக்கலாம். மூடிய தபாலாபீஸைப் பற்றிக் கேட்கத் தபாலாபீஸிலேயே சீட்டு வாங்கியபோது எனக்கு மனது என்னவோ செய்தது. 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: திறந்த தேதி, மூடிய அல்லது இணைத்த தேதி, எந்த ஆபீஸின்கீழ் இருந்தது. ‘முழு வரலாறு தருக’ என்று கேட்டால் ஒன்றும் வராது.

ஆனால் இத்தனையும் செய்து கிடைத்ததைவிட, ஊரில் பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லிக் கிடைத்ததுதான் எனக்கு அதிகம். முத்திரை விழுந்த ஒரு கார்டு போதும், அந்தத் தேதியில் ஆபீஸ் உயிரோடு இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நான் ஒரு நோட்டில் முத்திரைத் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினேன். முதல் தேதியும் கடைசித் தேதியும் மெல்ல மெல்ல இரு பக்கமும் விலகிப் போய், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டன. கடைசித் தேதி ஒரு கூப்பனில் இருந்தது, பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்க அனுப்பிய இருபது ரூபாய்.

முத்திரையில் ஊர்ப் பெயர் நாங்கள் சொல்கிற மாதிரி இல்லையே?

இருக்காது. தூத்துக்குடிக்கு ‘டூட்டிகோரின்’, தஞ்சாவூருக்கு ‘டாஞ்சூர்’ என்று எழுதிய காலம். சின்ன ஊர்களுக்கும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ழகரம் வரும் பெயர் என்றால் இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். புதூர், புதுப்பட்டி, மேலூர் மாதிரிப் பெயர்கள் எத்தனையோ இருப்பதால், குழப்பம் வராமல் இருக்கப் பக்கத்து ஊர்ப் பெயரையோ சாதாரணமாக யாரும் சொல்லாத முன்னொட்டையோ சேர்த்து அஞ்சலகத்துக்கு வேறு பெயர் வைத்ததும் உண்டு.

மூடிய ஆபீஸைத் திரும்பக் கேட்க முடியுமா?

மனு கொடுக்கலாம். மக்கள்தொகை, தூரம், வருமானம் என்ற அதே அளவுகோல்தான். இப்போது பெரும்பாலும் புதுப் பணியிடம் உருவாக்காமல், வேறு இடத்தில் இருக்கிற பணியிடத்தை மாற்றித்தான் திறக்கிறார்கள். 2018 செப்டம்பர் 1 அன்று இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி தொடங்கிய பிறகு கிளை ஆபீஸ்கள் பண வேலையால்தான் நிற்கின்றன. ஆகவே மனுவில் கடிதக் கணக்கை எழுதுவதைவிட, நூறு நாள் வேலைப் பணம், பென்ஷன், செல்வமகள் சேமிப்புக் கணக்கு என்று எத்தனை பேருக்குத் தேவை இருக்கிறது என்பதை எழுதுங்கள். அத்துடன், ஆபீஸ் நடத்த இடம் தயார் என்று பஞ்சாயத்துக் கட்டடத்தையே காட்ட முடிந்தால் ரொம்ப நல்லது. ஒரு வீட்டை நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டில் பழைய கார்டுகள் கிடைத்தால் என்ன செய்வது?

ஸ்டாம்பை மட்டும் கிழித்தெடுக்காதீர்கள். அதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முத்திரை பாதி ஸ்டாம்பிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும், கிழித்தால் ஊர்ப் பெயர் போய்விடும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, காகித உறையில் போட்டு, யார் வீட்டில் கிடைத்தது என்று உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். கார்டின்மேல் எழுத வேண்டாம். முத்திரை மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குத்திய வேகத்தில் தாளில் பள்ளம் விழுந்திருக்கும், மை போன இடத்திலும் வட்டம் தெரியும்.